பியோனி பூத்த பிறகு வீட்டை விற்போம்

நான் கொன்ற செவ்வரத்தையிலிருந்து தொடங்குவதுதான் நேர்மை. லொங்குய்யில் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்த முதல் கோடையில், ஒரு பெரிய கடை வாசலில் சட்டி சட்டியாகச் செவ்வரத்தை அடுக்கி வைத்திருந்தார்கள். கண்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒன்று போதாதென்று மூன்று வாங்கினேன். சட்டியோடு வைத்துக் குளிருக்கு உள்ளே எடுக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். நேரே நிலத்தில் நட்டேன். இரண்டு மாதம் ஒவ்வொரு காலையும் பூ ஆய்ந்து சாமிப் படங்களுக்கு வைத்தேன். ஒக்டோபரில் ஒருநாள் எழும்பி யன்னலால் பார்த்தால், மூன்றும் அவித்த கீரை மாதிரித் தொங்கிக்கொண்டு நின்றன. வாசலில் நின்று ஒரு பாட்டம் அழுதேன்.

"செடிக்கு ஆரும் அழுவினமே?" என்றார் என் கணவர். அழுதுகொண்டே அவரைப் பேசினேன். செடியைக் கொன்றது நான், பேச்சு வாங்கியது அவர். எங்கள் வீட்டில் அது வழக்கம்தான்.

ஏன் அழுதேன் என்று சொல்கிறேன். இருபத்தாறு வருடம் ஆற்றுக்கு அக்கரையில், சென்ட் லோரன்டில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். சாமி அறை என்பது உடுப்பு அலுமாரியின் மேல்தட்டு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது மூலையிலிருக்கும் தெப்பனேர் என்கிற சில்லறைக் கடையில் பொலித்தீன் சுற்றிய பூக்கட்டு ஒன்று வாங்குவேன். மணமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. காலையில் எழும்பி, முகம் கழுவி, வெளியே இறங்கிப் போய், என் நிலத்தில் என் கையால் ஒரு பூ ஆய வேண்டும். எனக்கிருந்த ஆசை அவ்வளவுதான். வைர அட்டியல் கேட்டேனா?

ஆனால் தோட்டம் செய்ய எனக்கு எங்கே நேரம்? சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடைக்கும் வேலை. பஸ், மஞ்சள் மெற்றோ, செம்மஞ்சள் மெற்றோ, திரும்பவும் பஸ். வீட்டுக்கு வந்து சேரும்போது இரண்டு முழங்காலும் எனக்குச் சொந்தமில்லாதவை. கணவருக்கோ முதுகில் ஒப்பரேஷன் செய்து, முந்தின வருடம்தான் வேலையிலிருந்து ஓய்வு எடுத்திருந்தார். குழந்தை மாதிரிப் பார்க்க வேண்டிய செடி எனக்கு வேண்டாம். குழந்தையை வளர்த்து ரொறன்ரோவுக்கு அனுப்பியாயிற்று.

அந்த ரொறன்ரோதான் பிரச்சினை. எங்களுக்கு ஒரே மகள். அங்கேதான் கல்யாணம் செய்து இருக்கிறாள், இரண்டு வயதில் ஒரு பேத்தியும் உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து ஒரே பாட்டுத்தான்.

"அம்மா, அங்கை இனி ஆர் இருக்கினம்? எல்லாரும் இஞ்சாலை வந்திட்டினம். ஆறு மணித்தியாலம் கார் ஓடி வர எங்களுக்கு ஏலாது. வீட்டை வித்துப்போட்டு வாங்கோ."

"பிள்ளை கேக்கிறாள், போவம்," என்பார் கணவர், போனை வைத்ததும்.

பேத்தியை நினைத்தால் எனக்கு நெஞ்சு உருகும். அது வேறு. ஆனால் இருபத்தாறு வருடம் மற்றவன் சுவரில் ஆணி அடிக்கப் பயந்து வாழ்ந்துவிட்டு, சொந்த நிலம் கிடைத்து இரண்டு வருடத்தில் விட்டுப் போவதா? எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை. பேத்தியை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதனால் யாருக்கும் சொல்லவில்லை.

இந்த நிலையில் அவர் ஒரு யோசனையோடு வந்தார். முன் பாத்தியை மூடிக் கல்லுப் பதிக்க வேண்டுமாம். "விக்கவும் சுகம், உமக்கும் குனியத் தேவையில்லை."

"என்ரை நிலத்திலை ஒருத்தரும் கல்லு வைக்க ஏலாது. சொல்லிப்போட்டன்."

"அப்ப என்ன, திரும்பவும் செவ்வரத்தையோ?"

இல்லை. இந்த முறை நான் புத்தியோடுதான் இறங்கினேன். பக்கத்து வீட்டுக்காரி, என் வயதுதான் இருக்கும், வேலியால் எட்டிப் பார்த்து, "விவாஸ் வாங்கு" என்று பிரெஞ்சில் சொன்னாள். குளிருக்கு மேலே பட்டுப்போய், கீழே வேர் உயிரோடு கிடந்து, வசந்தத்தில் தானாக முளைத்து வருகிற செடிகளுக்கு இங்கே அந்தப் பெயர். ஒருமுறை நட்டால் வருடா வருடம் வரும். கேட்டதும் எனக்கு அந்தச் சாதியில் நல்ல மரியாதை வந்தது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தைக்குப் போனோம். செடி விற்கும் பெண் ஆள் கொஞ்சம் கறார். நான் என் தொழிற்சாலைப் பிரெஞ்சில் மூன்று நிபந்தனை சொன்னேன். ஒன்று, எந்தக் குளிரிலும் சாகக் கூடாது. இரண்டு, நான் அதைப் பார்க்கத் தேவையில்லை. மூன்று, சாமிக்கு வைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவதை விளக்கத்தான் கொஞ்ச நேரம் எடுத்தது. என் கணவர் இழுவை வண்டிலைப் பிடித்துக்கொண்டு, இதற்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதவர் போல எதிர்க்கடைக் கீரைக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒவ்வொரு செடியிலும் ஒரு சிட்டை. எவ்வளவு வெயில், எவ்வளவு உயரம், எந்தக் குளிர்வரை தாங்கும் என்று எண் போட்டிருக்கும். எண் குறையக் குறையச் செடி கூடிய குளிரைத் தாங்கும். எங்கள் பக்கத்துக்கு ஐந்து போதும் என்றாள் அந்தப் பெண். நான் மூன்றுக்கு மேல் எதையும் தொடவில்லை. மகளுக்குச் சாதகம் பார்த்தபோதுகூட இவ்வளவு கவனமாகப் பொருத்தம் பார்க்கவில்லை. அவள்தான் தானே பார்த்துக்கொண்டு வந்துவிட்டாளே!

முதலில் டே லில்லி. அதன் பூ காலையில் விரிந்து பொழுதுபட முடிந்துவிடும், அடுத்தநாள் அடுத்த பூ. "அதனால் சிலர் வாங்க மாட்டார்கள்" என்றாள் அந்தப் பெண். எனக்கென்றால், இது சாமிக்கென்றே படைத்த பூ. ஆய்ந்தாலும் ஒரு நாள், விட்டாலும் ஒரு நாள், பாவமும் இல்லை. பிறகு சீடம். தடித்த இலை, தண்ணீர் கேட்காது, பனி உருகத் தெருவுக்குப் போடுகிற உப்புக்கும் அசையாது. படிக்கட்டு நிழலுக்கு ஹொஸ்டா. அது பூவுக்கல்ல, இலை வடிவுக்கு.

கடைசியாகத்தான் பியோனியைக் கண்டேன். சிட்டையிலிருந்த படத்தில் ஒரு சாண் அகலத்தில் இளஞ்சிவப்பாக, இதழுக்குள் இதழாக ஒரு பூ. ஒரு சாமிப் படத்துக்கு ஒரு பூ போதும். அதை மட்டும் அந்தப் பெண் உடனே தரவில்லை. இரண்டு விரல்கடை ஆழத்துக்கு மேல் நடாதே, ஆழம் கூடினால் பூக்காது என்றாள். இந்த யூனில் எதிர்பார்க்காதே, அடுத்த யூனில் பூக்கும் என்றாள். ஐம்பது வருடம் அதே இடத்தில் நிற்கும், ஆனால் கிண்டி இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு மூன்று வருடம் பூவே தராது என்றாள்.

"அப்ப உம்மடை ஆள்தான்," என்றார் கீரையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்.

நான் ஒரு முறை முறைத்தேன். பியோனியையும் வண்டிலில் ஏற்றினேன்.

அந்தக் கோடை டே லில்லி என்னைக் கைவிடவில்லை. எண்பது தரத்துக்கு மேல் பூ ஆய்ந்திருப்பேன். களை பிடுங்கியது இரண்டே முறை. பியோனி, அந்தப் பெண் சொன்னபடியே, இலையை மட்டும் காட்டிக்கொண்டு பேசாமல் நின்றது. இலை உதிரத் தொடங்கும்போது ரொறன்ரோவிலிருந்து அழுத்தம் கூடிவிட்டது. பேத்தியை ஒரு தமிழ் வகுப்பில் விடப் போகிறாளாம், கூட்டிக்கொண்டு போய்வர ஆள் வேண்டுமாம். வருசப் பிறப்போடு வீட்டை விற்கப் போடுவோம் என்றார் கணவர்.

நான் சண்டை பிடிக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்தான். "பியோனி பூக்கட்டும். ஒரே ஒரு பூ என்ரை கையாலை ஆய்ஞ்சு சாமிக்கு வைச்சிட்டு வாறன்," என்றேன்.

"சரி. பியோனி பூத்த பிறகு வீட்டை விப்பம்," என்றார். மகளுக்கும் போனில் அதையே சொன்னார்.

என் கணவர் வாயால் ஒன்று வந்துவிட்டால் அதற்கு மாற்றம் இல்லை. ஒருமுறை சினேகிதர் ஒருவருக்கு வீடு மாறச் சாமான் ஏற்ற வருகிறேன் என்று சொல்லிவிட்டு, உறைகுளிரில், காய்ச்சலோடு போய்க் குளிர்பெட்டி தூக்கிய ஆள். ஆகவே யூன் வரைக்கும் வீடு என்னுடையது, யூனுக்குப் பிறகு இல்லை. நானும் கணக்கை அப்படியே மனதில் முடித்துக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலத்துக்கு முன் நான் பட்ட பாடு தனி. காய்ந்த தண்டுகளை வெட்டாதே, விழுந்த இலையைக் கூட்டாதே, வேருக்கு அதுதான் போர்வை என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். சொல்வது அவளுக்குச் சுகம். வாசல் கூட்டாத வீட்டில் விளக்கு ஏற்றலாமா? விளக்குமாறைக் கண்டாலே எனக்குக் கை துடிக்கும். எங்கள் ஆட்கள் வந்தால் படியில் நின்றே, "என்னப்பா, வேலை கூடவோ, வாசல் கூட்ட நேரமில்லைப் போலை" என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பனி விழுந்து எல்லாவற்றையும் மூடியபோதுதான் எனக்கு மானம் மிஞ்சியது.

பனி கரைந்தது ஏப்ரலில். எங்கள் வருசப் பிறப்பும் ஏப்ரலில். அதுதான் வினை. ஊரெல்லாம் துளிர்க்கிற நேரம் என்று சொல்லி வருசம் பிறக்கிறது, இங்கே அந்த நேரத்தில் வாசலைப் பார்த்தால் செத்த வீடு. பழுப்புத் தண்டு, கறுத்த இலை, சேறு.

வருசத்துக்கு முதல்நாள் நான் வேலைக்குப் போயிருந்தேன். பின்னேரம் பஸ்ஸால் இறங்கித் தெருமுனை திரும்பினால் எங்கள் வாசல் பளிச்சென்று தெரிந்தது. படி கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பாத்தி கோயில் வீதி மாதிரிக் கூட்டி மட்டம் தட்டியிருந்தது. நடுவில் என் கணவர், கையில் விளக்குமாறு, முகத்தில் பெருமை.

"எப்பிடி? நிறைகுடம் வைக்க வடிவான இடம் எல்லே?"

"செடியள் எங்கை?"

"பட்டதுகளோ? எல்லாத்தையும் கிண்டி எறிஞ்சிட்டன். வருசமும் அதுவுமா வாசலிலை பட்ட செடி நிக்கலாமே?"

"ஐயோ கடவுளே! அது படேல்லை! நித்திரை!"

"நித்திரையோ?" என்றார். தண்டைத்தான் பிடுங்க நினைத்தாராம். அடிக்கட்டை மிஞ்சினால் வடிவில்லை என்று மண்வெட்டி எடுத்து வேரோடு கிண்டியிருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு அரைகுறை வேலை பிடிக்காது. முதுகு ஒப்பரேஷன் செய்த மனிசன், அந்த வேலையை மட்டும் அவ்வளவு வடிவாகச் செய்து வைத்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டு இல்லை. "எனக்குத் தெரியும், வேணுமெண்டுதான் செய்தனீங்கள். பூக்கக் கூடாது, வித்துப்போட்டுப் பிள்ளையிட்டை ஓட வேணும். அதுக்குத்தானே?"

அவர் விளக்குமாறைச் சுவரில் சாத்தினார். அந்த முகத்தைப் பார்த்த உடனேயே நான் சொன்னது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லியாயிற்று.

நல்ல காலம், குப்பைப் பை இன்னும் தெருவோரத்தில் கிடந்தது. வேலைச் சப்பாத்தோடேயே போய் இழுத்து வந்து புல்லில் கவிழ்த்தேன். வேர், சேறு, இலை, தேங்காய்த் தும்பு எல்லாம் ஒன்றாகக் கொட்டியது. பக்கத்து வீட்டுக்காரி யன்னலைத் திறந்து, ஏதாவது நகை தொலைந்துவிட்டதா என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு பார்த்தால் அவரும் முழங்காலில் இறங்கிவிட்டார், முதுகு பிடிக்கப் பிடிக்க. இருவரும் வேர் பொறுக்கினோம். டே லில்லிக்குச் சின்னச் சின்னக் கிழங்குகள், எது மேல் எது கீழ் என்று பிடிபடவில்லை. பியோனி உடைந்த மரவள்ளிக் கிழங்கு போலக் கிடந்தது. அதன் தலையில் சிவப்பு முளைகள் இரண்டு மட்டும் தப்பியிருந்தன. மற்றவை மண்வெட்டிக்குப் போய்விட்டன. நான் குழியில் வைக்கப் போனேன்.

"பொறும். ஆழம் கூடிப் போச்சு," என்றார். இரண்டு விரலை மண்ணில் வைத்து அளந்தார். "இவ்வளவுதான் எண்டல்லே அந்த மனிசி சொன்னவ."

நான் திரும்பிப் பார்த்தேன். கீரைக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிசன்!

ஆனாலும் நான் கதைக்கவில்லை. அடுத்தநாள் வருசம் பிறந்தது. கோயிலில் வாங்கி வந்த, மூலிகை அவித்த மருத்துநீரைத் தலையில் வைத்துத் தோய்ந்தோம், புது உடுப்புப் போட்டோம், பொங்கினோம், எல்லாம் வாய் திறக்காமலே. பொங்கல் பானையை இறக்கிவிட்டு யன்னலால் பார்த்தேன். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மிஞ்சிய மருத்துநீரை ஒவ்வொரு வேருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்துக்கொண்டு நின்றார். யன்னலைத் திறந்தேன்.

"என்ன செய்யிறியள்?"

"வருசம் இதுகளுக்குந்தானே பிறந்தது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கோபம் நிற்காது. "நேற்றுச் சொன்னதை மனசிலை வைக்காதேங்கோ," என்றேன். "நான் அதை அந்தக் குப்பைப் பையிலை போட்டிட்டன். பொங்கலைக் கொண்டாரும்," என்றார்.

ஏப்ரல் கடைசியில் டே லில்லி முளைத்தது. அதைத் தலைகீழாக நட்டாலும் வரும் போலிருக்கிறது. பிறகு சீடம், பிறகு ஹொஸ்டா. பியோனி மட்டும் அசையவில்லை. காலையில் நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு பாத்தி ஓரத்தில் நிற்பார். திரும்பி வரும்போதும் அங்கேதான் நிற்பார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், தபால் வருகிறதா என்று பார்க்கிறாராம்.

மே நடுப்பகுதியில் ஒருநாள், மதியச் சாப்பாட்டு நேரம், தொழிற்சாலைக்குப் போன் எடுத்தார். வேலை நேரத்தில் எடுக்கவே மாட்டார். பயந்துபோனேன்.

"இஞ்சாரும். வந்திட்டா."

"ஆர்?"

"அவதான். சிவப்பா மூக்கை நீட்டிக்கொண்டு நிக்கிறா. நான் தொடேல்லை, பாத்ததுதான்."

சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் முன்னால் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஹெயிட்டிக்காரி என்னைக் கட்டிப்பிடித்து, பேரப்பிள்ளையா என்று கேட்டாள். விளக்க எனக்குப் பிரெஞ்சு காணாது. மெர்சி, மெர்சி என்றேன்.

யூன் வந்தது. தெரு முழுக்கப் பியோனி பூத்துச் சரிந்தது. எங்களுடையதில் இரண்டு தண்டு, நல்ல பச்சை இலை, மொட்டு என்று ஒரு மிளகளவும் இல்லை. எனக்கு அது முன்பே தெரியும். அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஒரு பூவில் என்ன இருக்கிறது, மகள் கூப்பிடுகிறாள், போகத்தான் வேண்டும் என்று நானே எனக்குச் சொல்லப் பழகிக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசி ஞாயிறு மகளின் போன் வந்தது. நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். அவர் போனைச் சத்தமாகப் போட்டிருந்தார்.

"அப்பா, யூன் முடியப் போகுது. அம்மாவின்ரை பூ பூத்திட்டுதோ?"

நான் தண்ணீர்க் குழாயை மூடினேன்.

"இல்லைப் பிள்ளை. பூக்கேல்லை."

"ஏன்?"

"நான் கிண்டித் திரும்ப நட்டனான். இடம் மாத்தினா மூண்டு வருசம் பூக்காதாம். சந்தையிலை அந்த மனிசி வடிவாச் சொன்னவ."

"அப்ப வீடு?"

"பியோனி பூத்த பிறகு விப்பம் எண்டு சொன்னனான் எல்லே. சொன்னது சொன்னதுதான்."

"அப்பா, உது பேய்க்கதை!"

"பேய்க்கதை இல்லைப் பிள்ளை. இடையிலை நீங்கள் வாங்கோ. ஆறு மணித்தியாலம்தானே. டே லில்லி வரப் போகுது, பேத்தி பூ ஆயட்டும்."

மகள் கத்தினாள், பிறகு சிரித்தாள், பிறகு அம்மாவிடம் போனைக் கொடுங்கோ என்றாள். அம்மா குளிக்கிறா என்று பச்சைப் பொய் சொல்லி வைத்துவிட்டார். குசினிக்கு வந்து ஒரு துவாயை எடுத்து, துடைத்து வைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இஞ்சாரும். படிக்கு மற்றப் பக்கம் சும்மாதானே கிடக்கு. சனிக்கிழமை சந்தைக்குப் போவமே?"

"போவம். என்ன வாங்க?"

"எதெண்டாலும் வாங்கும். பூக்கக் கனகாலம் செல்லுறதாப் பாத்து வாங்கும்."